மூலிகை மருந்து கைமாறும்போது எது தங்குகிறது, எது நழுவுகிறது

கேள்வி இதுதான்: பாட்டி வைத்தியமும் சித்த மருத்துவமும் தலைமுறை தலைமுறையாக எப்படிக் கைமாறி வந்தன? ஆயிரம் ஆண்டுகளாக மாறாமல் வந்தவை என்கிறார்களே, உண்மையா? ஒரே மருந்தை ஊருக்கு ஊர் வேறு வேறாகச் செய்வது ஏன்?

மாறாமல் வரவில்லை. மருந்தின் பெயரும் சரக்குப் பட்டியலும் எளிதில் கைமாறிவிடும். செடியை அடையாளம் காண்பது, சரக்கின் நஞ்சை நீக்கிச் சுத்தி செய்வது, பதம் பார்ப்பது, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று அறிவது ஆகியவை பட்டியலில் ஏறுவதில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் அவை வாய்க்கும். பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் நுழைகின்றன.

முதலில் ஏட்டுச்சுவடி. பனையோலையில் எழுத்தாணியால் கீறும்போது புள்ளி வைப்பதில்லை; வைத்தால் ஓலை பொத்துப்போகும். எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே செம்பு, சேம்பு இரண்டும் ஓலையில் ‘செமபு’தான். ஒன்று உலோகம், மற்றது கிழங்கு. பற்பம் (புடமிட்ட சாம்பல் மருந்து) செய்யும் பாட்டில் வந்தால் செம்பு, சாறு பிழியச் சொன்னால் சேம்பு என்று தொழில் தெரிந்தவர் இடம் பார்த்துப் படிப்பார். தொழில் தெரியாமல் கூலிக்குப் படியெடுத்தவர் அப்படிப் பார்க்க மாட்டார். ஓலை பூச்சியரித்து நைந்துபோகும் என்பதால் சில தலைமுறைக்கு ஒருமுறை படியெடுத்தே தீர வேண்டும். ஒவ்வொரு படியிலும் சில சொற்கள் நழுவும், சில புதிதாகச் சேரும். ஒரே மருந்துக்கு இரண்டு சுவடியில் இரண்டு அளவு இருப்பது இதனால்தான். இதில் எது ‘அசல்’ என்று சண்டையிடுவது வீண். எந்தப் படி கையாளப்பட்ட படி, எது அலமாரியில் கிடந்த படி என்று பார்ப்பதே பயன் தரும்.

பாட்டில் குழூஉக்குறியும் உண்டு. குமரி என்றால் கற்றாழை, அண்டம் என்றால் முட்டை, சூதம் என்றால் பாதரசம். முழுச் செய்முறையும் பாட்டில் இராது. ‘குருமுகமாய்க் கேள்’ என்று நிறுத்திவிடுவார்கள். பாட்டு நினைவூட்டும் குறிப்புதான், மிச்சத்தை ஆசான் நேரில் சொல்லிக் கொடுப்பார் என்பதே ஏற்பாடு. 19-ஆம் நூற்றாண்டில் இந்தச் சுவடிகள் அச்சேறியபோது பாட்டு மட்டும் வெளியே வந்தது, ஆசான் வரவில்லை. இன்று அச்சுப் புத்தகத்தையோ காணொளியையோ பார்த்து மருந்து செய்கிறவரின் கையில் இருப்பது அந்தப் பாதிதான்.

வாய்மொழி சில செய்திகளை அருமையாகக் காத்திருக்கிறது. ‘சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு’ என்பது சுத்தி முறையை ஒரே வரியில் அடக்கிவிடுகிறது. சுக்கின் மேல் சுண்ணாம்பு பூசி, உலரவைத்து, கழுவித் தோலைச் சீவ வேண்டும். கடுக்காயை உடைத்துக் கொட்டையை எறிந்துவிட்டுத் தோலை எடுக்க வேண்டும். சேராங்கொட்டைக்கு மூக்கை வெட்டிவிட்டுச் செங்கல் தூளில் புரட்டுவார்கள். தோலைக் கொப்பளிக்க வைக்கும் எண்ணெயை அந்தத் தூள் உறிஞ்சிக்கொள்ளும். நாவிக் கிழங்கைக் கோமூத்திரத்திலோ பாலிலோ வேகவைப்பதும் சடங்கு அன்று. அதிலுள்ள அக்கோனிட்டின் இதயத் துடிப்பைக் குலைத்துக் கொல்லும் நஞ்சு. நெடுநேரம் வேகும்போது அது சிதைந்து வீரியம் குறைந்த பொருளாகிறது. வேகும் நேரத்தைக் குறைத்தால் நஞ்சு அப்படியே இருக்கும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. சுத்தி என்ற படியை ‘பழைய நம்பிக்கை’ என்று விட்டுவிடுகிறவர் எதை விடுகிறோம் என்று அறியாமல் விடுகிறார்.

அளவில் வரும் குழப்பம் தனிக்கதை. இன்று மருந்து நூல்களில் குன்றிமணி 130 மில்லிகிராம், பண எடை 488 மில்லிகிராம், வராகன் எடை 4.2 கிராம், கழஞ்சு 5.1 கிராம், பலம் 35 கிராம், ஆழாக்கு 168 மில்லி, உழக்கு 336 மில்லி, படி 1.3 லிட்டர் என்று நிலைப்படுத்தியிருக்கிறார்கள். இது பிற்காலத்தில் ஒப்புக்கொண்ட கணக்கு. பழைய படிக்கல் ஊருக்கு ஊர் மாறும். இதோடு கைக்கணக்கும் உண்டு: மூன்று விரல் நுனியில் எடுப்பது திரிகடி, ஐந்து விரலும் சேர்த்து எடுப்பது வெருகடி, அரைத்த விழுதான கற்கத்துக்குச் சுண்டைக்காயளவு, நெல்லிக்காயளவு. நுண்ணிய சூரணத்தில் (மருந்துப் பொடியில்) ஒரு வெருகடியும் கரகரப்பான சூரணத்தில் ஒரு வெருகடியும் எடையில் ஒன்றாக இரா. மென்மையான இலைக் கற்கத்துக்கு இந்தத் தளர்வு பொறுக்கும். பாதரசமோ பாடாணம் என்ற கனிம நஞ்சோ சேர்ந்த மருந்துக்குப் பொறுக்காது. அதனால்தான் அவற்றுக்குப் பாட்டிலேயே குன்றி, பணவெடை என்று நிறுத்துச் சொல்லியிருக்கும்.

குழந்தைக்குக் கொடுக்கும் உரைமருந்தில் அளவு உரைக்கும் எண்ணிக்கையில் இருந்தது. சுட்ட வசம்பு, மாசிக்காய், கடுக்காய், ஜாதிக்காய், சுக்கு இவற்றைச் சந்தனக் கல்லில் தாய்ப்பால் விட்டு ஒவ்வொன்றையும் ஒன்றோ இரண்டோ இழைப்பு இழைப்பார்கள். காயாத கல்லும் கெட்டியான காயும் சேர்ந்து, ஓர் இழைப்பில் மிகச் சிறிதே கரையும்படி பார்த்துக்கொண்டன. இப்போது அதே சரக்குகளைப் பொடியாக அரைத்து டப்பாவில் விற்கிறார்கள், தாய்மார் கரண்டி நுனியில் எடுக்கிறார்கள். சரக்கு அதே சரக்குதான், அளவு பல மடங்கு. இழைப்பு என்ற அளவுகோல் போனதை யாரும் கவனிக்கவே இல்லை. வசம்பில் உள்ள பீட்டா-அசரோன் காரணமாக அமெரிக்கா 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்ற இன்றைய குழந்தை மருத்துவர் சொல்லைத்தான் நானும் சொல்வேன்.

பதம் பார்ப்பது இன்னும் நுட்பம். மூலிகைச் சாறும் கற்கமும் சேர்த்து எண்ணெய் காய்ச்சும்போது அடியில் படியும் வண்டலை எடுத்து விரலிடையே உருட்டினால், முதலில் சேறுபோல் ஒட்டும். பிறகு திரிபோல் உருளும். அது மெழுகுப் பதம். இன்னும் போனால் மணல்போல் உதிரும். உருட்டிய திரியை நெருப்பில் காட்டினால் சடசடவென்று வெடிக்காமல் எரிய வேண்டும். வெடித்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். ஈரத்தோடு இறக்கிய தைலம் சில வாரத்தில் பூசணம் பிடித்துச் சிக்கு நாற்றம் அடிக்கும். தாண்டவிட்டால் கருகிய வாடை வரும், மூலிகையின் மணம் போயிருக்கும். எண்ணெய் பதமாகும்போது நுரை எழும், நெய்யோ பதமாகும்போது நுரை அடங்கும். இதை எத்தனை முறை எழுதினாலும் நாலு தடவை விரலில் உருட்டிப் பார்க்காதவருக்குப் பிடிபடாது. பெரிய ஆலைகள் நேரத்தையும் வெப்பநிலையையும் வைத்து இதைச் செய்கின்றன. ஒவ்வொரு தொகுதியும் ஒரே சீராக வருவது அதில் நன்மை. ஆனால் மழைக்காலக் கையாந்தகரையில் (கரிசலாங்கண்ணியில்) நீர் அதிகம், கோடையில் குறைவு. அந்த வேறுபாட்டை விரல் உணரும், கடிகாரம் உணராது.

செடி மாறிப்போவதற்கு நிலவேம்புக் குடிநீர் என்ற கஷாயத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பதும் சம எடை. 2006-இல் சிக்குன்குனியா பரவியபோதும் பின்பு டெங்குக் காலத்திலும் தமிழ்நாடு முழுக்கக் காய்ச்சி ஊற்றினார்கள். ஒவ்வொரு சரக்காகப் பாருங்கள். நிலவேம்பை மக்கள் சிறியாநங்கை என்றும் சொல்கிறார்கள். சில இடங்களில் சிறியாநங்கை என்பது பாலிகாலா இனத்தைச் சேர்ந்த வேறொரு பூண்டு. பற்படாகம் என்றால் தமிழ்நாட்டில் மொல்லுகோ செர்வியானா என்ற மெல்லிய பூண்டு. கேரளத்தில் அந்தப் பெயருக்கு ஓல்டன்லாண்டியா, வடக்கே ஃபுமேரியா. மூன்றும் மூன்று வேறு குடும்பங்கள். விலாமிச்சை துளசிக் குடும்பத்துச் செடி, காட்டில் கிடைக்காது, தமிழ்நாட்டில் மணற்பாங்கான நிலத்தில் சிறிதளவே பயிராகிறது. விலை கூடுதல் என்பதால் அதற்குப் பதில் வெட்டிவேரையே போட்டுவிடுவதுண்டு. வெட்டிவேர் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது. அப்படியானால் கையில் இருப்பது எட்டுச் சரக்குக் குடிநீர், அதில் வெட்டிவேர் இரட்டிப்பு. பொடியாகிவிட்ட பின் இதை வாங்குகிறவர் கண்டுபிடிக்க வழியே இல்லை.

காய்ச்சும் முறையிலும் நழுவல் உண்டு. சரக்கை ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மாவாக அரைத்தால் கொதிக்கும்போது குழம்பாகி அடிப்பிடிக்கும், துணியில் வடியாது, குடிக்கும்போது தொண்டையில் கரகரக்கும். 5 முதல் 10 கிராம் இடித்த சரக்குக்கு 240 மில்லி தண்ணீர், சிறுதீயில் நாலில் ஒன்றாக, அதாவது 60 மில்லியாக வற்ற வேண்டும். வெந்நீரில் கலக்கிக் குடிப்பது குடிநீர் ஆகாது. குடிநீருக்கு ஆயுள் ஒரு சாமம், 3 மணி நேரம். பழைய கணக்கில் சாறும் கற்கமும் அதே 3 மணி நேரம், சூரணமும் வடகமும் 3 மாதம், நெய்யும் இளகமும் (லேகியமும்) 6 மாதம், எண்ணெயும் மாத்திரையும் ஓராண்டு. காலையில் அண்டாவில் காய்ச்சி மாலை வரை ஊற்றும் முகாம் இந்தக் கணக்கை மீறுகிறது. கர்ப்பிணிகளுக்கு நிலவேம்பு வேண்டாம் என்ற எச்சரிக்கையும் வரிசையில் நிறுத்தி ஊற்றும்போது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. டெங்குவில் இதைக் குடித்தாலும் இரத்தத் தட்டணுக்களையும் நீர்ச்சத்தையும் கவனிக்கும் மருத்துவம் நடந்தாக வேண்டும். காய்ச்சல் விட்ட மறுநாள்தான் பலருக்கு ஆபத்து தொடங்குகிறது.

அனுபவத்தால் வந்த அறிவுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. உடனே தெரியும் விளைவை அது துல்லியமாகப் பிடிக்கும்: வாந்தி, பேதி, வியர்வை, வலி குறைதல். பத்தாண்டு கழித்து வரும் கேட்டை அதனால் பிடிக்க முடியாது. ஆடுதின்னாப்பாளையைப் பூச்சிக்கும் விஷக்கடிக்கும் காலங்காலமாகக் கொடுத்திருக்கிறார்கள். அது அரிஸ்டோலோக்கியா இனம். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைச் சிறுகச் சிறுக அழித்து, சிறுநீர்ப் பாதையில் புற்றையும் உண்டாக்கும். இது வெளிப்பட்டது பெல்ஜியத்தில். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கச் சீன மூலிகை உட்கொண்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 100-க்கும் மேல். விசாரித்தால், ஸ்டெபானியா என்ற செடிக்குப் பதில், சீனப் பெயரில் அதை ஒத்திருந்த அரிஸ்டோலோக்கியா சேர்ந்திருந்தது. நம் பற்படாகத்தில் நடப்பது போன்ற பெயர்க் குழப்பமேதான், விலை மட்டும் சிறுநீரகம். எந்த வைத்தியரும் தன் வாழ்நாளில் பார்த்து இந்தத் தொடர்பை உணர்ந்திருக்க முடியாது. ‘எங்கள் பாட்டன் காலத்திலிருந்து கொடுக்கிறோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை’ என்ற வாதம் இங்கே செல்லாது.

தானாக ஆறும் நோயிலும் அனுபவம் ஏமாற்றும். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை வேரோடு அரைத்து நெல்லிக்காயளவு மோரிலோ பாலிலோ கலந்து வெறும் வயிற்றில் கொடுத்து, உப்பு, எண்ணெய் நீக்கிப் பத்தியம் வைப்பார்கள். ஹெபடைடிஸ் ஏ வைரஸால் வரும் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். மருந்தா, உடலா என்று தனி ஒருவர் பிரித்தறிய முடியாது. இதைச் சோதிக்க முயன்றவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன். 1988-இல் ‘லான்செட்’ இதழில் வந்த அவரது ஆய்வில், ஹெபடைடிஸ் பி கிருமி தங்கியிருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது. ஒப்பீட்டுக்காகச் சத்தில்லாத வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. பிற நாடுகளில் மறுபடி செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. செடியின் இனம், மண், பறித்த பருவம் எல்லாம் காரணமாகப் பேசப்பட்டன. கடைச் சரக்கில் கீழாநெல்லியோடு அதன் உறவுச் செடிகள் கலந்திருப்பதை மரபணுச் சோதனைகளும் காட்டியிருக்கின்றன. ஆகவே இன்றைய நிலையில் ஹெபடைடிஸ் பி-க்கு இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. காமாலையோடு தெளிவின்மை, அளவற்ற தூக்கம், இரத்தக் கசிவு, வெளிறிய மலத்தோடு அரிப்பு இருந்தாலோ, நோயாளி கர்ப்பிணியாகவோ பச்சிளங்குழந்தையாகவோ இருந்தாலோ, எலி மருந்து உட்கொண்டிருந்தாலோ, ஒரு வேளை கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதையெல்லாம் சொல்வதால் மரபு உறைந்துபோனது என்று நினைக்க வேண்டாம். சித்த மருத்துவத்தில் அதிகம் புழங்கும் மருந்துகளில் ஒன்று பறங்கிப்பட்டைச் சூரணம். பறங்கி என்ற பெயரே சொல்கிறது: போர்த்துக்கீசியர் வந்த 16-ஆம் நூற்றாண்டில், சீனத்திலிருந்து கப்பலேறி வந்த வேர். அதே காலத்தில் பரவிய பறங்கிப் புண்ணுக்கு (சிபிலிஸ் என்ற மேகநோய்க்கு) அதைக் கொடுத்துப் பார்த்து நம் மருத்துவர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். வயல் வரப்பில் காலில் அரிவாள் பட்டால் கசக்கிப் பிழியும் வெட்டுக்காயப் பூண்டு வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த களை. எந்தச் சித்தர் பாட்டும் சொல்லிக் கொடுத்ததன்று. வயலில் வேலை செய்தவர்கள் தாமே கண்டுகொண்டது. எழுத்தறியாத மருத்துவச்சிகளும் கூலிப் பெண்களும் ஆடு மேய்ப்போரும் சேர்த்த அறிவுக்கு ஏட்டில் இடம் இல்லை, அதனால் அது மரபே அல்ல என்று ஆகிவிடாது. எனக்கு இந்தப் பகுதிமேல்தான் மிகுந்த மதிப்பு.

அரசு நிறுவனங்கள் வந்தபின் கைமாற்றம் வேறு திசைக்குப் போனது. உள்நாட்டு மருத்துவ முறைகளை ஆராயச் சென்னை மாகாணத்தில் 1921-இல் அமைந்த முகமது உஸ்மான் குழு 1923-இல் அறிக்கை தந்தது. 1925-இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1964-இல் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி, 2005-இல் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். இந்திய மருத்துவ முறைகளுக்கான 1970-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்துக்குப் பிறகு பட்டம் பெற்றவரே புதிதாகப் பதிவு செய்யலாம் என்றானது. பரம்பரை வைத்தியரின் பிள்ளை தந்தையிடம் கற்றதை மட்டும் வைத்துத் தொழில் செய்ய முடியாது. நன்மை கண்கூடு: உடற்கூறும் நச்சியலும் படித்த மருத்துவர் எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிவார். இழப்பும் உண்டு. மாணவர் இருநூறு செடிகளை உலர்ந்த மாதிரியாக அறிவார், மழைக்காலத்தில் முளைவிடும் நிலையில் பார்த்திருக்க மாட்டார். என் எண்ணத்தில், பட்டப் படிப்பில் ஓராண்டேனும் மருந்து செய்யும் கூடத்திலும் காட்டோரத்திலும் கழிய வேண்டும்.

காட்டிலிருந்து ஆய்வகத்துக்குப் போகும்போது மருந்தே உருமாறுவதற்கு, காணிகள் என்ற மலைப் பழங்குடியினரின் ஆரோக்கியப்பச்சைச் செடி சாட்சி. 1987-இல் அகத்தியமலைக் காட்டுக்குப் போன கேரள ஆய்வாளர்கள், வழிகாட்டிய காணி இளைஞர்கள் அந்தச் செடியின் சிறு காயைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடப்பதைக் கவனித்தார்கள். கேரளத்தின் பாலோட்டிலுள்ள தாவரவியல் பூங்கா அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் கோவை ஆயுர்வேத நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய் உரிமத் தொகைக்கும் விற்பனையில் 2 சதவீதப் பங்குக்கும் கொடுத்தது. அதில் பாதி காணிகளுக்கு. இந்தப் பங்கீடு உலக அளவில் பேசப்பட்டது. ஆனால் காணிகள் தின்றது பச்சைக் காய். ஜீவனியில் சேர்ந்தது இலை, அதோடு வேறு மூன்று மூலிகைகள். காணிகளின் வைத்தியர்களான பிலாத்திகள் சிலர், எங்களைக் கேட்காமல் எப்படிக் கொடுத்தீர்கள் என்று எதிர்த்தார்கள். ஊரில் சிலர் சொன்னால் ஊரே சொன்னதாகாது. இன்று மூலிகைத் தகவல் சேகரிக்கப் போகிறவர் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வீட்டிலோ ஊரிலோ உள்ள ஒரு மருந்தைப் பதிவு செய்ய விரும்பினால் இப்படிச் செய்யுங்கள். பூவும் காயும் உள்ள கிளையைச் செய்தித்தாள் நடுவே வைத்துக் கனமேற்றி அழுத்துங்கள். முதல் சில நாள் தினமும் தாளை மாற்றினால் கறுக்காமல் காயும். பறித்த இடம், தேதி, அங்கே வழங்கும் பெயர் மூன்றையும் அன்றே எழுதுங்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகம், கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் போன்ற இடங்களில் பெயரை உறுதி செய்துகொள்ளலாம். பாட்டி ‘ஒரு கைப்பிடி’ என்றால் அவர் கையாலேயே மூன்று முறை எடுக்கச் சொல்லி நிறுத்து, மூன்று எடையையும் எழுதுங்கள். சராசரி மட்டும் போதாது. இலையா வேரா, பச்சையா காய்ந்ததா, எந்தப் பாத்திரம், எவ்வளவு நேரம், எத்தனை நாள் என்று கேளுங்கள். வடக்கே போன வேரை மட்டும் எடு என்பது போன்ற விதிகளையும் தள்ளிவிடாதீர்கள். அதன் நோக்கம் எதுவானாலும், மற்ற வேர்கள் மண்ணில் நிற்பதால் செடி பிழைக்கிறது. தானே கொடுத்துப் பார்த்ததா, கேள்விப்பட்டதா என்பதைப் பிரித்தெழுதுங்கள். கடைசியாக, யாருக்குக் கொடுக்க மறுத்தீர்கள், ஏன் என்று கேளுங்கள். கொடுத்தபோது கெட்டது ஏதும் நடந்ததா என்று நேரே கேட்டால் இல்லை என்பார்கள். மறுத்ததைக் கேட்டால்தான் அந்த விவரம் வெளியே வரும்.